சிவப்புப் பாசிகளை இனங்காணல்

சிவப்புப் பாசிகளை இனங்காணல் என்பது ரோடோபைட்டா தொகுதியைச் சேர்ந்த பாசிகளின் இனத்தைப் புறத்தோற்றம், உள்ளமைப்பு, டி.என்.ஏ வரிசை ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கும் முறையாகும். இத்தொகுதியில் 7000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பைக்கோஎரித்திரின் என்னும் நிறமியே இவற்றின் செந்நிறத்திற்குக் காரணமாகும். எனினும் நிறத்தை மட்டும் நம்ப இயலாது. வெயில் மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்பவை பச்சையாகவோ பழுப்பாகவோ காணப்படுவதுண்டு.

புறத்தோற்றமும் அதன் எல்லைகளும்

ஒரே இனம் அலை மிகுந்த பாறையில் குட்டையாகவும் அமைதியான நீரில் நீண்டும் வளரக்கூடும். மறுபுறம், நெருங்கிய உறவற்ற இனங்கள் ஒரே தோற்றத்தைப் பெறுவதும் உண்டு. ஆகவே வகைப்பாட்டாளர்கள் பாசியின் உடலத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி உயிரணு அடுக்குகளையும், கருவுற்ற பின் பெண் உறுப்பில் நிகழும் மாற்றங்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். சுவீடனைச் சேர்ந்த ஹரால்ட் கைலின் இவ்வகையில் எழுதி, அவர் மறைந்தபின் 1956-ல் வெளியான நூல் நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது. ஆனால் இம்முறைக்கு மாதிரி இனப்பெருக்க நிலையில் கிடைத்தாக வேண்டும்.

வாழ்க்கைச் சுழற்சி மற்றொரு சிக்கலாகும். சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் நுண்ணிய இளஞ்சிவப்பு இழைப்பாசி ஒன்று கொன்கோசெலிஸ் என்னும் தனிப் பேரினமாகக் கருதப்பட்டு வந்தது. அது இலை போன்ற போர்பைராவின் ஒரு வாழ்க்கை நிலையே என்பதை 1949-ல் பிரித்தானிய ஆய்வாளர் கேத்லீன் டுரூ பேக்கர் நிறுவினார். சப்பானில் உணவாகும் நோரி இப்பாசியின் உறவினமே. வித்துகள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்ததும் நோரி வளர்ப்பு திட்டமிட்ட தொழிலாயிற்று.

டி.என்.ஏ முறை

பசுங்கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல் மரபணுவைக் கொண்டு 1994-ல் சிவப்புப் பாசிகளின் உறவுமரம் வரையப்பட்டது. இனங்களைப் பிரித்தறிய, இழைமணியின் காக்சு-1 மரபணுவின் சுமார் 660 எழுத்துகள் நீளமுள்ள பகுதியை 2005-ல் கேரி சாண்டர்சு முன்மொழிந்தார். இது பொருளுக்குரிய பட்டைக்குறி போன்றது. ஆனால் தரவுத்தளத்தில் ஒரு வரிசை தவறான பெயருடன் சேர்க்கப்பட்டிருப்பின் கணினி அத்தவற்றையே விடையாகத் தரும். எனவே ஒவ்வொரு வரிசைக்கும் உலர்த்திய மாதிரி ஒன்றைப் பாதுகாத்தல் இன்றியமையாதது. ஃபார்மலின் டி.என்.ஏவைச் சிதைக்குமாதலால், ஒரு துண்டு சிலிக்கா களியில் தனியே உலர்த்தப்படுகிறது.

போர்பைராவின் பெயர்மாற்றம்

போர்பைராவின் உட்பிரிவுகள் முன்னர் உயிரணு அடுக்கு ஒன்றா இரண்டா என்பதை வைத்தும் வகுக்கப்பட்டன. 2011-ல் இரு மரபணுக்களின் ஒப்பீடு இதனை மாற்றியது. இலை வடிவினவற்றுக்கு மட்டும் எட்டுப் பேரினங்கள் ஏற்கப்பட்டன. ஓரடுக்கு உடலம் அவற்றுள் பலவற்றில் காணப்படுவதால் அதனை உறவின் அடையாளமாகக் கொள்ள இயலவில்லை. நோரி இனமான போர்பைரா யெசோயென்சிசு அப்போது பைரோபியாவாகவும், 2020-ல் நியோபைரோபியாவாகவும் மாறியது. பழைய நூல்களைப் படிப்போர் இம்மூன்றும் ஒரே பாசி என்பதை நினைவிற் கொள்க.

நடைமுறைப் பயன்

காரகீனன் என்னும் களிப்பொருளுக்காக வளர்க்கப்படும் காப்பாபைக்கசு ஆல்வரெசியும் காப்பாபைக்கசு சிட்ரையேட்டசும் கண்ணுக்கு எளிதில் வேறுபடுவதில்லை, இழைமணி டி.என்.ஏ இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் ஆல்வரெசி பவளப்பாறைகள் மீது படர்ந்தது 2008-ல் பதிவானது. இத்தகைய இடங்களில், கிடைத்த துண்டு வளர்ப்பினமா உள்ளூர்ப் பாசியா என்பதைப் பொறுத்தே அதனை அகற்றுவதா விட்டுவிடுவதா என முடிவு செய்ய இயலும்.