கரையோரம் நடப்போம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால், முதலில் பழி விழுவது சோற்றின் மேல். "சோத்தைக் குறைங்க" என்கிறார் மருத்துவர்; அன்றிரவே வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைகிறார்கள். குறைக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் தாத்தாக்கள் நம்மைவிட அதிகம் சோறு சாப்பிட்டவர்கள். விடியுமுன் மடை திறக்கப் போனவர் வெயில் ஏறித்தான் வீடு திரும்புவார். நடவும் களையும் அறுப்பும் பெண்களின் உழைப்பில் நடந்தன. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வயலுக்கு டூவீலரிலேயே போய்விடுகிறோம். வயல் வேலையின் சுமை குறைந்தது நல்லதுதான். அதோடு சேர்ந்து நடையும் போனதுதான் இழப்பு.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். அதற்கான இடம் நம் காவிரி டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறது.

மேடேற வேண்டாத நிலம்

நடைப்பயணம் என்றால் பலருக்கும் கொடைக்கானலும் ஏற்காடும்தான் நினைவுக்கு வருகின்றன. மூட்டு வலிக்காரருக்கும், நெஞ்சு வலி வந்து குணமாகி இப்போதுதான் நடக்கத் தொடங்குபவருக்கும் ஏற்றம் கடினம். நம் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை சமநிலம். காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, வெட்டாறு, வடவாறு என எந்த ஆற்றை எடுத்தாலும் இரு பக்கமும் உயர்த்திய கரை. பாசன ஊழியர்களான லஸ்கர்கள் தண்ணீரைப் பார்வையிட நடந்த பாதை அது. மண் கரை என்றால் சிமென்ட் தரையைவிட முழங்காலுக்கு இதம்.

சமநிலத்தில் ஒரு குறையும் உண்டு. மெல்ல அசைந்து போனால் உடலுக்கு வேலையே இருக்காது. அதனால் வேகம் வேண்டும். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது: அதுதான் சரியான வேகம்.

எங்கே போகலாம்

தஞ்சை நகரவாசிகளுக்குப் புது ஆறு இருக்கிறது. கல்லணைக் கால்வாய் என்பது அதன் ஆவணப் பெயர். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு 1934இல் பயனுக்கு வந்தது. பெரிய கோயிலை ஒட்டி ஓடும் அதன் கரையில் காலையில் நடப்பவர்களைப் பார்க்கலாம். வயதானவர்களுக்குப் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா.

திருவையாறு எனக்கு இன்னும் நெருக்கமான ஊர். புஷ்ய மண்டபப் படித்துறையும் தியாகராஜர் சமாதியும் காவிரிக் கரையில்தான். இங்கே நடை ஒரு திருவிழாவாகவே இருக்கிறது. சித்திரையில் நடக்கும் ஏழூர் விழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என ஆறு ஊர்களையும் சுற்றித் திரும்பும்; கூடவே சனங்களும் நடக்கிறார்கள். ஒரே மூச்சில் ஏழூரும் நமக்கு வேண்டாம். தை, மாசியில் ஒரு ஞாயிறு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரை நடந்து, கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம்.

பறவை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சரணாலயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரி நிறைந்திருக்கும். அரிவாள்மூக்கன்களும் நாரைகளும் வரும். பிள்ளைகளை நடக்க வைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. வீட்டில் பத்து நிமிடம் நடக்கச் சிணுங்கும் பிள்ளை ஏரிக்கரையில் கேட்காமலே நடக்கும்.

கடைமடைக்கும் அப்பால் கோடியக்கரை. 1967இல் சரணாலயமானது, வெளிமான்கள் மேயும் புல்வெளியும் வறண்ட பசுமைமாறாக் காடும் அங்கே உண்டு. பக்கத்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, இந்த டெல்டாவின் ஊடாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் சித்திரை வெயிலில்.

சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்

அரிசிச் சோறு சாப்பிடுபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரம் அரை மணி நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் குறைவு இன்னும் அதிகம்: 22 சதவீதம். காரணம் எளிது. நடக்கும்போது தொடைத் தசையும் கெண்டைத் தசையும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன.

காலை நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சீரியல் முன் உட்காருமுன் தெருவில் பத்து நிமிடம் நடங்கள். நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம் என்பதால், இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பையில் கடலை மிட்டாய்க்குப் பதில் குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்துக்கொள்ள வேண்டும். மயக்கம், நடுக்கம், திடீர் வியர்வை என்றால் உடனே வாயில் போட வேண்டும். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏறத் தாமதமாகும்.

காலுக்குக் கீழே

வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. நீரிழிவுக்காரர்கள் அதைக் கேட்கவே கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் குத்தினால் தெரியாது. ஆறாத புண்ணாகி விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பின்பக்கம் மூடிய காலணி போடுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் கரை வழுக்கும். தேங்கிய சேற்றில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். காலில் வெட்டுக் காயம் இருக்கும்போது அதில் இறங்க வேண்டாம். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வயலோரத்தில் இருப்பவைதான். இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். ஆற்றில் இறங்குவதும் வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் வந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெண்களுக்கு ஒரு வெளிச்சம்

இவ்வளவும் சொன்ன பிறகும், கரையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். வயல் வேலை போனதால் அதிகம் உட்கார்ந்துவிட்டவர்களோ பெண்கள். அவர்கள் வராததற்குச் சோம்பல் காரணமில்லை; இருட்டும், சீமைக்கருவேல முள்ளும், குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும்தான். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை தந்தது. கிராமத்துப் பெண் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் நடக்க மாட்டார். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதை எதிர்பார்த்து ஒவ்வோர் ஆண்டும் ஆறுகளைத் தூர் வாருகிறார்கள். அந்த வேலையோடு சேர்த்து, ஊர் எல்லைக்குள் ஒரு கிலோமீட்டர் கரையை முள் வெட்டிச் சமப்படுத்தி, நான்கு விளக்கும் இரண்டு பெஞ்சும் போட்டுத் தரும்படி கிராம சபையில் கேளுங்கள்.