ஊரடங்கிலும் அடங்காத பாட்டு: எத்தியோப்பிய இசையின் நேற்றும் இன்றும்

எத்தியோப்பியா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1984-ஆம் ஆண்டுப் பஞ்சம்தான். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் அப்போது உலகத் தொலைக்காட்சிகளில் வந்தவண்ணம் இருந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அதே நாட்டின் தலைநகர் அடிஸ் அபாபாவில் இரவு விடுதிகள் நிரம்பி வழிந்தன. விடிய விடிய சாக்ஸபோனும் டிரம்பெட்டும் முழங்கின. இது அதிகம் பேசப்படாத செய்தி.

அந்த மண்ணில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 'அஸ்மாரி' எனப்படும் பாணர்கள், 'மசின்கோ' என்னும் ஒற்றை நரம்புக் கருவியை வில்லால் இசைத்தபடி பாடினார்கள். புகழ்வது போல் இகழ்வது அவர்களுக்குக் கைவந்த கலை. இந்தச் சிலேடைக்கு அம்ஹாரிய மொழியில் 'மெழுகும் பொன்னும்' என்று பெயர். பொற்கொல்லர் மெழுகு அச்சின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுப் பொன்னை வார்ப்பார் அல்லவா? அதுபோல மேலே தெரியும் பொருளை நீக்கினால் உள்ளே உண்மைப் பொருள் கிடைக்கும். காளமேகப் புலவரைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சுர அமைப்பும் நமக்கு அந்நியமானதல்ல. பெரும்பாலும் ஐந்து சுரங்கள்தான். 'திஸிதா' எனும் பண்ணில் ஒரு வகை, நம் மோகன ராகத்தின் சுரங்களையே கொண்டது. திஸிதா என்றால் நினைவு, பழையதை எண்ணி ஏங்குதல் என்று பொருள்.

சீருடை அணிந்த பாடகர்கள்

மசின்கோ இசைத்த நாட்டுக்குள் டிரம்பெட் வந்த கதை சுவையானது, சோகமும் கலந்தது. பின்னாளில் ஹைலே செலாஸி என்ற பெயரில் பேரரசரான ராஸ் தஃபாரி, 1924-இல் ஜெருசலேம் சென்றிருந்தார். ஆர்மீனியர் படுகொலையில் பெற்றோரை இழந்த 40 சிறுவர்கள் அங்கே பேண்டு வாசிப்பதைக் கேட்டு மனம் உருகியவர், 40 பேரையும் தம் நாட்டுக்கே அழைத்து வந்து அரச இசைக்குழு ஆக்கினார். அவர்களின் ஆசிரியர் கெவோர்க் நல்பந்தியன்தான் நாட்டுப் பண்ணுக்கு இசையமைத்தார்.

பிறகு மெய்க்காவல் படை, இராணுவம், காவல்துறை என ஆளுக்கொரு இசைக்குழு உருவானது. பாடகர் என்றால் அரசாங்கச் சம்பளக்காரர். அதன் விலையும் சிறியதல்ல. மெய்க்காவல் படைக் குழுவின் நட்சத்திரம் திலாஹுன் கெஸெஸெ. 1960 டிசம்பரில் அந்தப் படையினர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றபோது, பாட்டு மட்டுமே தெரிந்த அவரும் சிறை செல்ல நேர்ந்தது.

இசைத்தட்டு வெளியிடும் உரிமையும் அரச ஆணைப்படி ஒரே ஓர் அமைப்பின் கையில் இருந்தது. இதை 1969-இல் துணிந்து மீறியவர் அம்ஹா எஷேதே என்ற இளைஞர். அலெமாயெஹு எஷேதேவைப் பாட வைத்து, ஒலிப்பதிவை இந்தியாவுக்கு அனுப்பி, இசைத்தட்டுகளை அச்சிட்டு வரவழைத்தார். (எஷேதே, எஷேதே என்பதால் அண்ணன் தம்பி என்று எண்ண வேண்டாம். நம்மைப் போலவே அங்கும் தந்தையின் பெயர்தான் இரண்டாவது பெயர்.) 1975-க்குள் அம்ஹா வெளியிட்டவை 103 சிறு தட்டுகள், 12 நெடுந்தட்டுகள். சிறுவயதில் காலணி துடைத்துப் பிழைத்த மஹ்மூத் அகமது, இலண்டனிலும் அமெரிக்காவிலும் இசை பயின்று ஜாஸ் இசையோடு ஐந்து சுரப் பண்களை இணைத்த முலாது அஸ்தாட்கே ஆகியோரும் ஒளிவீசிய காலம் அது.

இரவு பறிபோனது

1974-இல் பேரரசரை இறக்கிவிட்டு 'டெர்க்' எனும் இராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. ஊரடங்குச் சட்டம் வந்தது. இரவில்தான் பிழைப்பு என்றிருந்த இசைக்கலைஞனிடம் இரவைப் பறித்துக்கொண்டால் என்ன மிச்சம்? விடுதிகள் மூடப்பட்டன. பாடல் வரிகள் தணிக்கைக்கு உட்பட்டன. அம்ஹா 1975-இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. வாலியாஸ் குழு ஹில்டன் ஹோட்டலில் தொடர்ந்து வாசித்தது. ஊரடங்கு தொடங்குமுன் உள்ளே வந்தவர்கள், விடிந்த பிறகே வீடு திரும்பினார்கள். அக்குழு 1981-இல் அமெரிக்கா சென்றபோது சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களில் ஒருவரான ஹைலு மெர்ஜியா, வாஷிங்டன் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார். பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், காரின் பின்பெட்டியில் இருக்கும் கீபோர்டை எடுத்து வாசித்துப் பழகுவார். 1985-இல் அவர் வெளியிட்ட ஒலிநாடா 2013-இல் மறுபடியும் வெளியாகி, அவரை உலக மேடைகளுக்குக் கொண்டுவந்தது.

டெர்க் ஆட்சி 1991-இல் வீழ்ந்தது. 1997 முதல் பிரெஞ்சுக்காரரான பிரான்சிஸ் பல்செத்தோ, பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து 'எத்தியோப்பிக்ஸ்' என்ற வரிசையாகக் கொண்டுவந்தார். பெரும் தொண்டுதான். ஆனால் அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு எத்தியோப்பிய இசை 1975-உடன் முடிந்துவிட்டது! உள்நாட்டவர் கேட்டது வேறு. முழுக்குழுவுக்குப் பதில் ஒற்றைக் கீபோர்டு ஒலிக்கும் மலிவான ஒலிநாடாக்களில் அவர்களுடைய இசை வளர்ந்துகொண்டிருந்தது. பழமைப் பிரியர்கள் முகம் சுளிக்கும் அந்த ஒலியில்தான் ஒரு தலைமுறையே காதலித்தது, கல்யாணம் செய்துகொண்டது.

அரசுக்கும் பாட்டுக்குமான இழுபறியும் தொடர்ந்தது. இன்றைய முன்னணிப் பாடகர் டெடி ஆஃப்ரோ. இவரது 'எத்தியோப்பியா' இசைத்தொகுப்பின் அறிமுக விழாவைக் காவல்துறை 2017-இல் தடுத்தது. விழா நடக்கவிருந்த இடம், வாலியாஸ் குழு வாசித்த அதே ஹில்டன் ஹோட்டல்.

அம்ஹாரிய மொழியே கோலோச்சிய இசையுலகில் ஒரோமோ மொழிக்கு இடம் தேடித் தந்தவர், 2022-இல் மறைந்த அலி பிர்ரா. அந்த வழியில் வந்தவர் ஹச்சாலு ஹுண்டெஸ்ஸா. பதின்ம வயதிலேயே சிறை சென்று ஐந்தாண்டுகள் கழித்தவர். 2015-இல் இவர் பாடிய 'மாலான் ஜிரா', நிலத்தை விட்டு விரட்டப்பட்ட ஒரோமோ மக்களின் துயரத்தைச் சொன்னது. தொடர்ந்த போராட்டங்களில் தெருத்தெருவாக ஒலித்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு, அடிஸ் அபாபாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 34. அடுத்து வெடித்த கலவரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இம்முறை அரசாங்கம் நாடு முழுவதும் இணையத்தைத் துண்டித்தது. அது திரும்பி வர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின.