மணற்காட்டில் வழித்துணை

1977-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஆப்பிரிக்காவின் அபிஜான் நகரிலிருந்து பிரான்சிலுள்ள நீஸ் நகருக்கு ஒரு பந்தயம் நடந்தது. அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சென்ற தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் சஹாராப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். எந்தத் திக்கில் பார்த்தாலும் மணல்! நல்லவேளையாக அவரைத் தேடிக் கண்டுபிடித்து உயிரோடு மீட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டு டிசம்பரில் அதே பாலைவனத்தின் வழியே பாரிஸ்-டாக்கர் பந்தயத்தைத் தொடங்கியவரும் அவரேதான்.

அன்று அவரிடம் ஜி.பி.எஸ். கருவி இல்லை. இருக்கவும் முடியாது, அதற்கான முதல் செயற்கைக்கோளே 1978 பிப்ரவரியில்தான் ஏவப்பட்டது.

நீங்கள் அப்படி ஒரு பயணம் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். எந்தக் கருவியை வாங்குவீர்கள்? முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தம் அணுக் கடிகாரம் காட்டும் நேரத்தை வானொலி அலைகளாக அனுப்புகின்றன. அலை வந்து சேர ஆன நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. மூன்று போதாதா என்கிறீர்களா? நான்காவது, கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்த. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடுமே!

கருவி அலைகளை வாங்குகிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. ஆகவே செல்பேசிக் கோபுரமே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் வானத்திலிருந்து வரைபடம் வராது. அதை முன்கூட்டியே கருவிக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். செல்பேசியை நம்பிப் புறப்படுகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

அடுத்தது மின்கலம். வண்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம்தான். வண்டி பழுதாகி நடக்க நேர்ந்தால்? சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்தச் சின்ன பேட்டரியை மாற்றிப் போடக்கூடிய கருவியே மேல் என்பேன். கையுறையோடு அழுத்தப் பொத்தான்கள், வெயிலில் மங்காத திரை, தண்ணீரும் தூசியும் புகாத உறை ஆகியவையும் வேண்டும். வந்த தடத்தைப் புள்ளி புள்ளியாகப் பதிவு செய்யும் வசதி மிக முக்கியம். திரும்பி வர அதுவே கயிறு.

இன்னொன்று. ஓடும்போது, அடுத்தடுத்த இடங்களை ஒப்பிட்டுக் கருவி திசையைச் சொல்லிவிடும். நின்றுவிட்டால், உங்கள் முகம் எந்தப் பக்கம் என்பது செயற்கைக்கோள்களைக் கொண்டு மட்டும் அதற்குத் தெரியாது! ஆகவே காந்தத் திசைகாட்டியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பார்க்கும்போது வண்டியின் இரும்பை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள்.