கவிழாத படகும் கடுகிச் செல்லும் படகும்

மீன் பிடிப்பதற்கெனச் சிறு படகு ஒன்றை வாங்கச் செல்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்பார். "இது கவிழாமல் நிற்குமா?" என்பது ஒன்று. "இது வேகமாகச் செல்லுமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் "ஆம்" என்றே விடை சொல்லும் வணிகர் உண்டு. ஆனால் தண்ணீருக்கு அத்தனை தாராளம் கிடையாது. ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் மற்றொன்றில் குறைத்துக்கொள்வதே அதன் வழக்கம். எதை எவ்வளவு விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. தவறாகத் தேர்ந்தெடுத்தவர் இழப்பது பணம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கரைக்கு வெகு தூரத்தில் நீரில் விழ நேர்ந்தால், பணயமாவது உயிர்.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் படகு கயாக் என்பது. ஒருவர் அமர்ந்து, இரு முனையிலும் அலகு கொண்ட துடுப்பினால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு அது. கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா முதலிய குளிர்நாட்டுக் கடற்கரைகளில் வாழும் இனூயிட் மக்களும் அவர்களுக்கு உறவான இனத்தாரும் கண்ட கலம். கடலில் மிதந்து ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். கிரீன்லாந்துக் கயாக் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமுமே உடையது. உடைக்கு அளவெடுப்பதுபோல் ஆளின் உடலுக்கு அளவெடுத்து அதைச் செய்தார்கள். சீலைச் சத்தமின்றி விரைந்து அணுகவேண்டும் என்பதே வேடனின் தேவை. கவிழ்ந்தாலும், படகை விட்டு வெளியேறாமல் துடுப்பை வீசித் தன்னையும் படகையும் நிமிர்த்திக்கொள்ளும் வித்தையை அவன் இளமையிலேயே பழகியிருந்தான்.

இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தூண்டிற்காரர்கள் விரும்பி வாங்கும் மீன்பிடிக் கயாக்கைப் பாருங்கள். பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் வார்க்கப்பட்டது. நீளம் 3 முதல் 4 மீட்டர். அகலம் 75 முதல் 90 சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். பெயர் ஒன்றாயினும் உருவம் முற்றிலும் வேறு. ஒடுங்கிய வேட்டைக் கலம் இப்படி அகன்று தடித்துப்போனது ஏன்?

காரணத்தை அறிய நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைவுகூர்வோம். எப்படிச் சாய்த்தாலும் அது எழுந்து நிற்கிறது. அதன் எடை முழுவதும் அடியிலே குவிந்திருக்கிறது. படகும் இப்படித்தான் நிற்கிறது என்று பலர் கருதுவர். கயாக்கைப் பொறுத்தவரை அது பிழை. 40 கிலோ படகின்மேல் 70 கிலோ மனிதர் உட்காருகிறார். எடையின் பெரும்பகுதி மேலேதான் இருக்கிறது. வைக்கோலை உயர ஏற்றிய வண்டியை ஒத்த நிலை இது. அப்படியிருந்தும் படகு நிற்கிறதென்றால், அதைத் தாங்குவது அதன் அகலமே.

எவ்வாறு? படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் நீருக்குள் அதிகமாக அமிழ்கிறது. நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையின் மையமும் அந்தப் பக்கமாக நகர்கிறது. அந்த மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு இழுத்தால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். இவ்விடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயரிட்டவர் பியேர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்குச் சென்ற குழுவில் இருந்தவர் அவர். கப்பலைப் பற்றிய அவருடைய நூல் 1746-இல் வெளிவந்தது. அவர் கண்ட விதி எளியது. ஆளும் படகும் சேர்ந்த எடையின் மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும்.

இனி அகலத்தின் ஆற்றலைக் காண்போம். நீளமும் எடையும் வடிவமும் மாறாமல் இருக்க, மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 60 செ.மீ. அகலத்தை 75 ஆக்கினால் அகலம் கால் பங்குதான் கூடுகிறது. அவ்வுயரமோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. 90 ஆக்கினால் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீர்மட்டத்தில் 3.3 மீட்டர் நீளமுள்ள படகு. மொத்த எடை 110 கிலோ. அடித்தளத்திலிருந்து அளந்தால், மெட்டாசென்டர் 60 செ.மீ. அகலப் படகில் சுமார் 35 செ.மீ. உயரத்திலும், 75 செ.மீ. அகலப் படகில் 63 செ.மீ. உயரத்திலும், 90 செ.மீ. அகலப் படகில் 104 செ.மீ. உயரத்திலும் அமையும். மேல்தளத்தில் சிறு இருக்கை போட்டு அமர்ந்தவரோடு சேர்ந்த எடைமையம் சுமார் 37 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவரே எழுந்து நின்றால் அது 73 செ.மீ.க்கு ஏறிவிடும். இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 60 செ.மீ. படகு அந்த உயர இருக்கையையே பொறுக்காது. படகின் உள்ளே, அடித்தளத்தை ஒட்டி அமர வேண்டும். 75 செ.மீ. படகில் நிம்மதியாக அமரலாம். எழுந்து நின்றால் ஒவ்வொரு கணமும் உடலாலேயே சமன் செய்துகொண்டிருக்க வேண்டும். 90 செ.மீ. படகில் நின்றுகொண்டே தூண்டில் வீசலாம். மீன்பிடிக் கயாக் அகன்ற காரணம் இதுதான்.

இந்த அகலத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? படகை நீர் இரண்டு வகையில் தடுக்கிறது. படகின் தோலோடு நீர் உராய்வது முதல் வகை. அகன்று தட்டையான அடித்தளம் அதே எடைக்கு அதிகப் பரப்பை நனைப்பதால், உராய்வும் அதிகம். நாம் நிதானமாகத் துடுப்பு வலிக்கும்போது இதுவே பெருந்தடை. படகு தானே எழுப்பும் அலை இரண்டாம் வகை. முன்புறத்தில் எழும் அலையின் நீளம், வேகம் கூடக்கூட வளர்கிறது. அது படகின் நீளத்தை எட்டும்போது, படகு தன் அலைக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அகப்பட்டு, மேடேறுவதுபோல் திணறுகிறது. அந்த வேகத்தைக் கணக்கிடுவது எளிது. படகின் நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 3 மீட்டருக்கு 7.8; 4 மீட்டருக்கு 9; 5 மீட்டருக்கு 10 சொச்சம்.

இது தாண்டமுடியாத மதிலன்று. மிக ஒடுங்கிய படகு சிறிய அலையையே எழுப்பும். ஆதலால் அதற்கு இந்தத் தடை குறைவு. கயாக் பந்தயம் 1936 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் செலுத்தும் பந்தயக் கயாக்கின் நீளம் 5.2 மீட்டர், அகலம் 40 செ.மீ.யை ஒட்டியது. அதில் முன்னணி வீரர்கள் 1,000 மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் கடக்கிறார்கள். அதாவது மணிக்கு 17 கிலோமீட்டருக்கும் மேல்! ஆனால் பழகாத ஒருவரை அதில் உட்காரவைத்தால், முதல் துடுப்பு வீசுவதற்குள் நீரில் இருப்பார். விரைவும் நிலைப்பும் ஒன்றையொன்று எப்படி விலையாகக் கேட்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

"அப்படியானால் எனக்கு வேகம் வேண்டாம், மிக அகன்ற படகே போதும்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலாவது, நிலைப்பு என்பதன் பொருள். அகன்ற படகு நீர்ப்பரப்போடு ஒட்டி நிற்கவே முயல்கிறது. நீர் சமமாக இருக்கும்வரை நாமும் நேராக இருக்கிறோம். பக்கவாட்டில் அலை வந்தால் நீர்ப்பரப்பே சாய்கிறது. படகும் அதனோடு சாய்ந்து நம்மையும் சாய்க்கிறது. ஒடுங்கி உருண்ட அடித்தளமுள்ள படகு அலையைத் தனக்குக் கீழே உருளவிட்டு, இடுப்பை அசைத்து நிமிர்ந்திருக்க நமக்கு இடங்கொடுக்கிறது. மேலும், தட்டைப் படகு தொடக்கத்தில் அசைவே இல்லாதது போலிருந்து, விளிம்பு அமிழ்ந்ததும் திடீரென்று கைவிட்டுவிடும். பக்கங்கள் மேல்நோக்கி விரிந்த படகோ முதலில் சற்று ஆடினாலும், சாயச்சாயத் தாங்கும். குளத்தில் உட்கார்ந்து பார்த்து "அசையவே இல்லை" என்று மகிழ்பவர், கடலிலும் அது அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டாவது, வேகமும் ஒரு பாதுகாப்பு. இரு நண்பர்கள் கரைக்கு 3 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருடைய படகு மணிக்கு 6 கிலோமீட்டர் செல்வது, மற்றவருடையது 4.5. நீர் அசையாதிருந்தால் முன்னவர் 30 நிமிடத்திலும் பின்னவர் 40 நிமிடத்திலும் கரை சேர்வார்கள். பத்து நிமிடம் ஒரு பொருட்டல்ல. ஆனால் மணிக்கு 3 கிலோமீட்டர் நீரோட்டம் எதிர்த்தால்? முன்னவர் ஒரு மணி நேரத்தில் கரை ஏறுவார். பின்னவருக்கு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டரே மிஞ்சுகிறது. இரண்டு மணி நேரம் ஓயாமல் துடுப்பு வலிக்கவேண்டும். அதற்குள் தோள் சோர்ந்தாலோ இருட்டிவிட்டாலோ, கவிழாத படகு அவரைக் கவிழாமலே கடலுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

இந்த இழுபறியிலிருந்து ஓரளவு தப்ப வழிகள் உண்டு. முதல் வழி செலவற்றது: எடையைத் தாழ்த்துவது. நம் கணக்கிலுள்ள படகில் இருக்கையை 10 செ.மீ. இறக்கினால் மொத்த எடைமையம் 6 செ.மீ.க்கு மேல் இறங்குகிறது. பனிப்பெட்டி, மின்கலம், நங்கூரம் முதலியவற்றை அடியிலே நடுவாக வைத்துக் கட்டுவதும் அவ்வகையே. இரண்டாவது, ஒரே அகன்ற உடலுக்குப் பதிலாக இரண்டு ஒடுங்கிய உடல்களை இடைவெளி விட்டு இணைப்பது. உடல் ஒவ்வொன்றும் ஒடுங்கியிருப்பதால் அலைத்தடை குறைகிறது. இடைவெளி இருப்பதால் நிலைப்பு கிடைக்கிறது. நனையும் பரப்பும் எடையும் கூடுவதும், திரும்புவது கடினமாவதும் இதன் குறைகள். இத்தகைய இரட்டைப் படகை உலகம் "கேட்டமரான்" என்கிறது. அந்தச் சொல் நமது கட்டுமரத்திலிருந்து சென்றதே. நம் மீனவரின் கட்டுமரமோ இரட்டைப் படகன்று. மரங்களைப் பிணைத்துக் கட்டியது. அதன் சிறப்பு வேறு. நீர் நிரம்பி மூழ்குவதற்கு அதில் குழிவே இல்லை. ஏறிய நீர் மர இடுக்குகளில் வழிந்துவிடுகிறது. மூடிய உடலும் வடிதுளைகளும் கொண்டு, மேல்தளத்தில் அமரும்படி அமைந்த இன்றைய மீன்பிடிக் கயாக் இதே கருத்தின்மீதுதான் மிதக்கிறது.

ஆகவே படகைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்கவேண்டியது தாம் செல்லும் நீரை. ஏரியிலும் காயலிலும் கரையோரமாக நின்று தூண்டில் வீசுபவருக்கு 85 முதல் 90 செ.மீ. அகலமும் 3 முதல் 3.5 மீட்டர் நீளமும் பொருந்தும். அமர்ந்தே மீன் பிடித்து, நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் சுற்றுபவருக்கு 75 செ.மீ.யை ஒட்டிய அகலமும் 4 மீட்டர் நீளமும் ஏற்றவை. அலைகடலில் செல்பவர் இன்னும் நீண்டு ஒடுங்கியதை நாடலாம். ஆனால் அதற்கு முன் அதில் பழகவேண்டும்.

கடையின் தரையில் வைத்துப் பார்த்துப் படகை வாங்காதீர்கள். நீரில் இறக்கிப் பார்க்க இசைபவரிடமே வாங்குங்கள். கொண்டுசெல்லும் சுமை முழுவதையும் ஏற்றுங்கள். தாங்கும் எடை என்று எழுதியுள்ள எல்லைவரை நிரப்பாமல், அதற்கு வெகுவாகக் குறைவாகவே ஏற்றுங்கள். உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு, ஆழமில்லாத இடத்தில், துணைக்கு ஒருவர் நிற்க, வேண்டுமென்றே படகைச் சாய்த்துக் கவிழுங்கள். அது எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நிமிர்த்தி, பிறர் உதவியின்றி ஏறப் பாருங்கள். ஏற முடியவில்லையென்றால், எவ்வளவு அழகிய படகாயினும் அது உங்களுக்குரியதன்று. கடைசியாக, காற்றை எதிர்த்து அரை கிலோமீட்டர் செலுத்திப் பாருங்கள். கரையை விட்டுப் புறப்படுவது எந்தப் படகுக்கும் எளிது. திரும்பிக் கொண்டுவந்து சேர்ப்பதே நல்ல படகு.