சிறுநீரக மாற்றுக்குப் பின் சைட்டோமெகலோவைரசு தொற்று

சைட்டோமெகலோவைரசு, ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரசு ஆகும். இந்தியாவில் பெரும்பாலானோரை இது இளம் வயதிலேயே தொற்றி, பின்னர் வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்குநிலையில் தங்குகிறது. நலமுள்ளோருக்குப் பொதுவாகத் தீங்கில்லை. சிறுநீரக மாற்று பெற்றவர்களுக்கு இது முக்கியமான தொற்றாகும்.

காரணம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971 முதல் சிறுநீரக மாற்று நடைபெறுகிறது. உழவர்கரை நகராட்சிப் பகுதியிலுள்ள ஜிப்மரிலும் நடைபெறுகிறது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. சிறுநீரகத்தைக் காக்கும் இம்மருந்துகளே நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்து, வைரசு பெருக வழிவிடுகின்றன. கொடையாளரின் சிறுநீரகத்துடனும் வைரசு வரலாம். முன்பு தொற்று ஏற்படாதவர், தொற்றுள்ளவரின் சிறுநீரகத்தைப் பெற்றால் ஆபத்து மிகுதி.

சிக்கல்கள்

- காய்ச்சல், சோர்வு, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைதல்
- வயிற்றுப்போக்கு, குடற்புண், குருதிக்கசிவு
- கல்லீரல், நுரையீரல் அழற்சி. அரிதாக விழித்திரை பாதிப்பு
- சிறுநீரக நிராகரிப்பு, பிற கிருமித்தொற்றுகள்

கண்டறிதலும் சிகிச்சையும்

குருதியிலுள்ள வைரசின் அளவு பி.சி.ஆர். சோதனையால் அறியப்படுகிறது. கான்சைக்ளோவிர் ஊசி அல்லது வால்கான்சைக்ளோவிர் மாத்திரை குறைந்தது 2 வாரம் தரப்படும். இவையும் வெள்ளணுக்களைக் குறைப்பதால் அடிக்கடி குருதிச் சோதனை தேவை.

தடுப்பு

ஆபத்தின் அளவைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை தடுப்பு மாத்திரை தரப்படுகிறது. அதை நிறுத்திய பின்னும் நோய் வரலாம். எனவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால், கடையில் மருந்து வாங்கிக் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம்.