பேரேடும் பாடத்திட்டமும்
வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குக் கணினியில் வாரக் கணக்கு போடும் முறை

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் நிகண்டு, கல்வெட்டு, பழைய அளவைகள் என்று எழுதி வந்தவன் நான். இந்த முறை கணினியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர் சிரித்தே விட்டார். "ஐயா, உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது. நம்மவர் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கும் நிலை இப்போது அங்கங்கே வருகிறது. இடமாற்றல், உடல்நலக் குறைவு, விளையாட்டு, இசை என்று காரணங்கள் பல. அப்படி ஒரு பிள்ளை எங்கள் வீட்டிலும் இருக்கிறாள். நான் தப்புச் செய்து கற்றதை மற்றவர்கள் தப்புச் செய்யாமல் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

நான் படித்தது பள்ளி இறுதி வகுப்பு. 1979-ல் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனேக்கு வந்து, ரவிவார் பேட்டில் மாமாவின் பாத்திரக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தேன். நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிய காலம் போய், டாலி வந்தது, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆகக் கணினி எனக்குக் கணக்குப் புத்தகமாகத்தான் அறிமுகம்.

2023 மழைக்காலத்தில் என் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. பின்னாலேயே மூட்டு வாதம். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் விரலை மடக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் நான்கு மாதம் போக முடியவில்லை. வருகை நாள் குறைவு, இந்த வகுப்பையே மறுபடி படிக்கட்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவளோ, "இனிமே அங்க போக மாட்டேன் தாத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். கடையை மகன்வழி மைத்துனன் பார்த்துக்கொள்ள, வீட்டில் சும்மா இருப்பவன் நான்தான். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

திறந்தநிலைப் பள்ளி

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் நேரே பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேரலாம். 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று தொடங்கி, 2002-ல் இப்போதைய பெயரைப் பெற்ற மத்திய அரசு நிறுவனம் இது. ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அவற்றில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழும் உண்டு. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பொதுத்தேர்வு. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. முடிந்ததை முடிந்தபோது எழுதலாம். ஒப்படைப்பு எனப்படும் வீட்டுவேலைக் கட்டுரைகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு.

இவ்வளவு சுதந்திரம் இருக்கிறதே, அதிலேதான் சிக்கலும் இருக்கிறது. பள்ளியில் மணி அடிக்கும், வாத்தியார் வருவார். வீட்டில் மணி அடிப்பவர் யார்? இந்த வாரம் என்ன, அடுத்த வாரம் என்ன என்று யார் சொல்வது?

அமெரிக்காவில் வீட்டுக் கல்வி பழகிப்போன ஒன்று. 1977-லேயே ஜான் ஹோல்ட் என்பவர் இதற்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். நியூயார்க் மாநிலத்தில் 7 முதல் 12 வகுப்பு வரையுள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 990 மணி நேரம் கற்பிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று விதி. ஆகவே அங்கே பெற்றோருக்கென்றே திட்டமிடும் மென்பொருள்கள் விற்பனைக்கு உண்டு. பாடத்தை உள்ளிட்டால் நாள்தோறும் பிரித்துக் கொடுக்கும். முடியாததை மறுநாளுக்குத் தள்ளும். மணிக்கணக்கைக் கூட்டிச் சொல்லும். நம் தேவைக்கு அவ்வளவு வேண்டாம். லிப்ரே ஆஃபீஸ் என்னும் இலவச மென்பொருளில் உள்ள கால்க் என்ற விரிதாளே போதும். கணக்கர்கள் இரண்டு பக்கத்துக்கும் விரித்துக் கோடு போட்டு எழுதிய பெரிய தாளுக்குத்தான் ஆங்கிலத்தில் ஸ்ப்ரெட்ஷீட் என்று பெயர். 1979-ல் டான் பிரிக்ளின், பாப் ஃப்ராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற மென்பொருளாக அதைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். நம்ம பேரேட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தாளை அமைக்கும் விதம்

ஒரு வரிக்கு ஒரு வேலை. "கணிதம் படி" என்று எழுதினால் அது வேலை ஆகாது. "கணிதம், அத்தியாயம் 4, பயிற்சிக் கணக்கு 1 முதல் 8 வரை" என்று எழுத வேண்டும். முடிந்ததா இல்லையா என்று இரண்டு பேரும் சண்டையில்லாமல் சொல்லக்கூடியதே வேலை.

பத்திகள் ஏழு: வார எண், கிழமை, பாடம், வேலை, மதிப்பிட்ட நிமிடம், உண்மையில் ஆன நிமிடம், நிலை. நிலை என்ற பத்தியில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதினால் பின்னால் எண்ண முடியாது. அதனால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதியை அங்கே வைத்து, "முடிந்தது", "பாதி", "நின்றது" என்ற மூன்றை மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு கவுன்ட்இஃப்ஸ் என்ற சூத்திரம் இந்த வாரம் இந்தப் பாடத்தில் எத்தனை முடிந்தது என்று எண்ணிவிடும். சம்இஃப்ஸ் நிமிடங்களைக் கூட்டிவிடும். ஃபில்டரைத் தட்டினால் இந்த வாரத்து வரிகள் மட்டும் தெரியும். நிலைக்கேற்ப வண்ணம் மாறும்படியும் செய்யலாம்.

ஒரு பாட வேளைக்கு 48 நிமிடம் வைத்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாமாயிகத்துக்கு உட்காரும் நேரம் அது, இரண்டு நாழிகை. அசையாமல் உட்கார அதற்கு மேல் அவளால் முடியாது. காலையில் விரல் விறைப்பாக இருப்பதால் பத்தரைக்குத் தொடக்கம். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு என்பதால் மாலை ஐந்துக்குக் கடை அடைப்பு.

நான் செய்த தப்பு

2024 பிப்ரவரியில் ஐந்து பாடத்துக்கும் பதிவு செய்து தாளைத் தயாரித்தேன். பாடத்துக்குத் தோராயமாக 30 அத்தியாயம், 30 வாரம். வாரத்துக்குப் பாடம் ஒன்றுக்கு ஓர் அத்தியாயம். அத்தியாயத்துக்கு நான்கு வேலை: படித்தல், குறிப்பெடுத்தல், பயிற்சி, திருப்புதல். ஆக 20, ஒப்படைப்புக்கு 4, மொத்தம் 24 வேலை. நாளைக்கு நாலு வீதம் ஆறு நாள். கணக்கு கச்சிதம்!

முடியாதது அடுத்த வாரத்துக்குத் தானாகப் போய்ச் சிவப்பு நிறத்தில் நிற்கும்படி செய்திருந்தேன். முதல் வாரம் 15 முடித்தாள், 9 பாக்கி. இரண்டாம் வாரம் 33-ல் 14 முடிந்தது, 19 பாக்கி. மூன்றாம் வாரம் 43-ல் 12, பாக்கி 31. நான்காம் வாரம் திங்கட்கிழமை தாளைத் திறந்தால் 55 வரி நின்றது. முக்கால்வாசிக்கு மேல் சிவப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், பாதிக்கு மேல் சிவப்பு. அன்று அவள் கணினியை மூடிவிட்டு, "இது பாடத்திட்டம் இல்ல தாத்தா. கடன்காரன் நோட்டு" என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக மற்றவர்களுக்குப் பாக்கிச் சீட்டு எழுதிய கை. நோயோடு இருக்கிற பிள்ளைக்கும் அதையே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் அவளைப் பார்த்து என்ன சொன்னதோ, அதையே நான் வாராவாரம் சிவப்பு மையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தப்பு என் குணத்தில் மட்டும் இல்லை, மதிப்பீட்டிலும் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை 1979-ல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற அறிஞர்கள் எடுத்துக்காட்டி, திட்டமிடல் பிழை என்று பெயரிட்டார்கள். 1994-ல் ரோஜர் பியூலர் முதலியோர் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தடங்கலானால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன கணக்கைக்கூட அது தாண்டியது. வளர்ந்த பிள்ளைகள் கதையே இப்படி என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்?

திருத்திய முறை

எங்கள் தாளிலேயே விடை இருந்தது. உண்மையில் ஆன நிமிடம் என்ற ஆறாவது பத்தியை நான் கவனிக்கவே இல்லை. கூட்டிப் பார்த்தால், தமிழ் வாசிப்பு 48 நிமிடத்துக்குள் முடிந்திருந்தது. கணிதப் பயிற்சி ஒவ்வொன்றும் 80 நிமிடத்துக்குக் குறையவில்லை. எழுதும் வேலையெல்லாம் நீண்டிருந்தது. விரல் வலிக்கிறதே! அதை அவள் சொல்லவில்லை, பத்தி சொல்லியது. அந்த வார இறுதியில் இருவரும் உட்கார்ந்து ஐந்து மாற்றங்கள் செய்தோம்.

முதலாவது, முதல் தேர்வுக்கு மூன்று பாடம் மட்டும்: தமிழ், அறிவியல், கணிதம். ஆங்கிலமும் வணிகவியலும் அடுத்த தேர்வுக்கு. வாரத்துக்கு 24 வேலை என்பது 12 ஆயிற்று.

இரண்டாவது, புதன்கிழமை பிற்பகலில் எதையும் எழுதக் கூடாது. வைத்தியரிடம் போவதற்கு, வலிக்கிற நாளுக்கு, நின்றதை முடிப்பதற்கு அந்த வெற்றிடம். வியாபாரத்தில் கையிருப்பு ரொக்கம் இல்லாமல் யாரும் கடை திறப்பதில்லை.

மூன்றாவது, தானாகத் தள்ளும் சூத்திரத்தை எடுத்துவிட்டோம். சனிக்கிழமை புதுப்பாடம் கிடையாது. அரை மணி நேரம் கணக்கு முடிப்பு. நின்ற வேலையை ஒவ்வொன்றாகப் பார்த்து மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்வது, அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது, பின்னால் வரும் வேலையோடு சேர்ப்பது, தள்ளுபடி செய்வது. வராக்கடனைத் தள்ளுபடி செய்யாதவன் ஐந்தொகை பொய்க் கணக்கு. படிப்புக்கும் அது பொருந்தும். எட்டுக் கணக்கில் ஐந்து போட்டுப் புரிந்துவிட்டதென்றால் மிச்சம் மூன்றும் எதற்கு?

நான்காவது, திருப்புதலை அதே வாரத்தில் வைக்காமல் தள்ளி வைத்தோம். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து 1885-ல் எழுதினார். மறக்கத் தொடங்கும்போது மறுபடி பார்ப்பதே நிற்கும். ஆகவே ஓர் அத்தியாயத்தை அடுத்த வாரம் ஒருமுறை, ஐந்தாம் வாரம் ஒருமுறை என்று வைத்தோம். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரமே. வார எண்ணோடு 1, 5 கூட்டும் சூத்திரம் போட்டால் தாளே நினைவூட்டும்.

ஐந்தாவது முக்கியமானது. எழுதும் உரிமை கை மாறியது. வாரத்தின் பன்னிரண்டு வேலை என்ன என்பதை இருவரும் பேசி முடிவு செய்வோம். எந்தக் கிழமையில் எது என்பதை அவளே வைப்பாள். நிலையையும் அவளே குறிப்பாள். நான் சனிக்கிழமை மட்டும் பார்ப்பேன். நடுவில் எட்டிப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றக் கஷ்டமாகத்தான் இருந்தது! சிவப்பு நிறத்தை அவள் எடுத்துவிட்டு, முடிந்ததற்கு மட்டும் பச்சை வைத்தாள்.

கூகுள் காலண்டரில் ஒப்படைப்புக் கடைசி நாளையும் தேர்வுக் கட்டண நாளையும் மட்டும் ஏற்றி, பத்து நாள் முன்னதாக நினைவூட்டும்படி செய்தோம். ஒவ்வொரு வேலைக்கும் கைப்பேசி மணி அடிக்க வைத்தால் இரண்டே நாளில் அது காதில் விழாது. வாரத் தாளை அச்சிட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். பாட்டிக்கும் தெரிய வேண்டுமல்லவா?

முடிவாக

மென்பொருள் பாடம் சொல்லித் தராது. கணிதத்துக்குப் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்தார். தோழிகளோடு பேசிப் பழகும் நேரத்தையும் தாள் தராது. அதற்காகவே ஞாயிறு மாலை நம் சங்கத்து வகுப்புக்கு வருகிறாள். தாள் செய்வது ஒன்றுதான்: என்ன நடந்தது என்பதை மறைக்காமல் காட்டும். அதைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டுவதா, திட்டத்தைத் திருத்துவதா என்பது நம் கையில்.

2024 அக்டோபர்-நவம்பர் தேர்வில் மூன்று பாடத்திலும் தேறினாள். கணிதத்தில் மதிப்பெண் சுமார்தான். தமிழில் நான் எதிர்பார்த்ததை விட அதிகம். மீதி இரண்டையும் 2025 ஏப்ரல்-மேயில் முடித்தாள். பள்ளியில் அதே வகுப்பை மறுபடி படிக்கச் சொன்னவர்களிடம் காட்டப் போகலாமா என்று கேட்டேன். "எதுக்குத் தாத்தா, தள்ளுபடி பண்ணிடுங்க" என்றாள்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். முதல் மாதம் எந்தத் திட்டமும் போடாதீர்கள். என்ன படித்தாள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று மட்டும் எழுதி வையுங்கள். நாள்வழி எழுதிய பிறகுதானே பேரேடு?