மின்கட்டணம் ஏறியது ஏன்?

சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் 1902-ஆம் ஆண்டு பிறந்த மின்சாரம் முதலிற் சென்றது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கே. மூன்றாண்டுகள் கழித்து, 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பெங்களூர் நகரத் தெருவிலும் மின்விளக்கு எரிந்தது. நாளடைவில் அது அடுக்களைக்கும் குளியலறைக்கும் வந்து சேர்ந்தது. உடன்வந்தது மாதந்தோறும் ஒரு கட்டணச் சீட்டு. அச்சீட்டின் தொகை திடீரென்று ஏறும்பொழுது வீட்டில் எழும் வழக்குகளை நேயர்கள் அறிவார்கள். அத்தகைய வழக்கொன்றில் நாம் தவறான தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

அல்சூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி நம்முடைய குடித்தனம். மாடியில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். இரண்டு குடித்தனத்துக்கும் மீட்டர் ஒன்றே, கட்டணம் சரிபாதி. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் வரை சில பத்து ரூபாய்களே கட்டிவந்தோம். நவம்பரில் வந்த சீட்டோ இரண்டாயிரத்தை ஒட்டியிருந்தது. "உங்கள் கிரைண்டர்தான் காரணம், இம்மாதம் மூன்றில் இரண்டு பங்கு நீங்கள் கொடுப்பதே முறை" என்று அம்மையாரிடம் சொன்னோம். அவர் மறுத்துரைக்கவில்லை. "சரிங்க ஐயா" என்று பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

இத்தகைய நேரத்தில் நம் கண் முதலில் ரூபாயின்மேல் செல்கிறது. செல்லவேண்டிய இடம் யூனிட். சென்ற மாத யூனிட்டும் இம்மாத யூனிட்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்து தொகைமட்டும் ஏறினால், காரணம் வீட்டுக்குள் இல்லை. கட்டண விகிதத்தில் இருக்கிறது. யூனிட்டே ஏறியிருந்தால்தான் வீட்டுக்குள் தேடவேண்டும். அதற்கும் முன்னதாக, இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்வது நலம். முப்பத்தைந்து நாட் செலவை முப்பது நாட் செலவோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

விகிதத்தால் வந்த ஏற்றத்துக்கு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான்று. அவ்வாண்டு மே 12-ஆம் நாள் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்குச் சராசரி 70 காசு உயர்த்தியது. உத்தரவு மே மாதத்தது; நடைமுறையோ ஏப்ரல் முதல் நாளிலிருந்து. ஆகவே ஏப்ரல் மாதப் பாக்கியும் ஜூன் சீட்டிலேயே ஏறியது. அதனினும் கடியது படிமுறையில் வந்த மாற்றம். நூறு யூனிட் வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 75 காசு. நூறைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 7 ரூபாய். நூறு யூனிட்டுக்கு 475 ரூபாய். நூற்றொன்றுக்கு 707 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டின் விலை 232 ரூபாய் ஆயிற்று. மீட்டர் பழுதென்று பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்படிமுறை நீங்கி, யூனிட்டுக்கு 5 ரூபாய் 90 காசு என்று ஒரே விகிதம் ஆயிற்று. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதிலும் பத்துக் காசு குறைந்தது. எனினும் சீட்டின் தொகை குறையவில்லை. கிலோவாட் ஒன்றுக்கு 120 ரூபாயாயிருந்த நிலைக்கட்டணம் 145 ஆனதும், மின்வாரிய ஊழியர் ஓய்வூதியத்துக்கென யூனிட்டுக்கு 36 காசு சேர்ந்ததும் காரணம். வானொலியில் "விலை குறைந்தது" என்று கேட்டவர்கள் சீட்டைக் கண்டு திகைத்தார்கள்.

நம் வீட்டுச் சீட்டில் ஏறியிருந்தது யூனிட். அக்டோபரில் 184, நவம்பரில் 271. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய கிருஹ ஜோதித் திட்டத்தில், 2022-23-ஆம் ஆண்டின் சராசரிச் செலவோடு பத்து விழுக்காடு கூட்டிய அளவு இலவசம். அவ்வகையில் நமக்கு வாய்த்தது 180 யூனிட். அதைத் தாண்டினாலும் 200 வரை மிகுதிக்கு மட்டுமே கட்டணம். 200-ஐத் தாண்டினால் சலுகை முழுவதும் போய், முதல் யூனிட்டிலிருந்தே கட்டவேண்டும். இலவசப் படியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கால் தவறியதும் அடிவரை விழுந்தோம்.

தவறவைத்தது எது? அம்மையாரின் கிரைண்டர் சுமார் 150 வாட். நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒன்பது யூனிட்தான். இக்கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். அதைப் போடுமுன்பே நாம் பணம் வாங்கிவிட்டோம். 2000 வாட் கீசர் நாளும் அரைமணி எரிந்தால் முப்பது யூனிட் ஆகும். ஆயினும் நம் வீட்டில் அது ஆண்டு முழுவதும் எரிவதே. பின்பு மெயின் சுவிட்சை அணைத்து மீட்டரைப் பார்த்தோம். அதிலுள்ள சிறு சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. சிமிட்டியிருந்தால் கசிவு அல்லது அயலார் இணைப்பு என்று கொள்ளலாம். அதுவும் இல்லை.

எஞ்சியது தண்ணீர் மோட்டார். நிலத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார். மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். முன்பு காலையில் ஒருமுறை போட்டால் போதும். சில வாரங்களாக மூன்று நான்கு முறை போட்டுக்கொண்டிருந்தோம். குழாய்க்காரர் வந்து பார்த்தார். அடிக்குழாயின் ஃபுட் வால்வு தேய்ந்து, குழாயின் மேல்நுனியும் தொட்டி நீருக்குள் அமிழ்ந்திருந்தமையால், ஏற்றிய தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும் வந்த வழியே கீழ்த்தொட்டிக்குத் திரும்பியிருக்கிறது. தண்ணீர் வெளியே சிந்தாததால் குடிநீர்க் கட்டணமும் ஏறவில்லை. நாளொன்றுக்கு மூன்று மணிநேர வீண் ஓட்டம். மாதத்துக்குத் தொண்ணூறு யூனிட். அந்தச் சுவிட்சு நம் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. அதைப் போட்ட கையும் நம் கையே.

வால்வை மாற்றியதும் டிசம்பர்ச் சீட்டு 188 யூனிட்டுக்கு இறங்கிற்று. அம்மையாரிடம் மிகையாய் வாங்கிய பணத்தோடு மாடிப்படி ஏறினோம். அவர் அதை வாங்கி எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, "கிரைண்டர் சத்தம் ராத்திரியிலே தொந்தரவா இருக்குதோன்னுதான் அன்றைக்கு நான் நினைச்சேனுங்க" என்றார்.